ரிங்கிட்டுக்கும் பவுண்டுக்கும் நடுவே ஒரு டாலர்

டெல்லி மந்திர் மார்க்கின் பழைய பெயர் ரீடிங் ரோடு. 1939-இல் காந்தியடிகள் திறந்துவைத்த லட்சுமி நாராயணர் கோயில், அதாவது பிர்லா மந்திர், இங்கேதான் இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இதே சாலையில்தான். கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் பணம் மாற்ற பஹார்கஞ்சுக்கோ கன்னாட் பிளேசுக்கோ போவார்கள். இரண்டும் பக்கம்தான்.

கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு தமிழர், அடுத்து லண்டன் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 1,000 ரிங்கிட் மிச்சம். அதைப் பவுண்டாக்க வேண்டும். பணமாற்றுக் கடைப் பலகையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் ரூபாயில் இரண்டு விலை இருக்கும்: கடைக்காரர் வாங்கும் விலை, விற்கும் விலை. ரிங்கிட்டுக்கு எத்தனை பவுண்டு என்ற கணக்கு அங்கே இருக்காது. அதை நாம்தான் போட வேண்டும்.

கணக்குக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்கிறேன். இவை இன்றைய விலை அல்ல. சந்தையில் ஒரு டாலர் 4.40 ரிங்கிட், ஒரு பவுண்டு 1.25 டாலர். இரண்டையும் பெருக்கினால் ஒரு பவுண்டு 5.50 ரிங்கிட். இதைத்தான் குறுக்கு மாற்று விகிதம் என்கிறார்கள். இந்தக் கணக்கில் 1,000 ரிங்கிட்டுக்குச் சுமார் 182 பவுண்டு வர வேண்டும்.

நடுவில் டாலர் எதற்கு? உலகில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாணயங்கள் புழங்குகின்றன. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று நேராக மாற்ற ஆயிரக்கணக்கான தனிச் சந்தைகள் வேண்டும். பலவற்றில் ஆளே இருக்காது. அதனால் எல்லோரும் டாலர் வழியாகப் போகிறார்கள். சர்வதேச தீர்வு வங்கியின் 2022 கணக்கெடுப்புப்படி, உலக அந்நியச் செலாவணி வணிகம் ஒரு நாளைக்கு 7.5 லட்சம் கோடி டாலர். அதில் 88 சதவீதப் பரிமாற்றங்களில் ஒரு பக்கம் டாலர். நம் ரூபாயும் இதற்கு விலக்கல்ல. 2018 ஜூலை முதல் ரூபாயின் அதிகாரபூர்வக் குறிப்பு விகிதத்தை எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் வெளியிடுகிறது. டாலர்-ரூபாய் விலை உண்மையான வணிகத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பவுண்டு, யூரோ, யென் விலைகளை அந்த டாலர் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டே சொல்கிறார்கள்.

இந்தக் குறுக்கு விகிதம் பிசகாமல் இருப்பதற்குக் காரணம் பேராசைதான். ஏதோ ஒரு வங்கி பவுண்டுக்கு 5.60 ரிங்கிட் தருகிறது என்றால், 1,000 பவுண்டைக் கொடுத்து ரிங்கிட் வாங்கி, அதை டாலராக்கி, டாலரை மறுபடி பவுண்டாக்கினால் சுமார் 1,018 பவுண்டு திரும்பிவரும். இப்படிச் சும்மா கிடைக்கும் காசை விட்டுவைக்க யாருக்கும் மனம் வராது. இன்று கணினிகளே அதைக் கண்டுபிடித்துப் பாய்வதால், இடைவெளி கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிவிடும்.

மலேசியத் தமிழரிடம் வருவோம். ரிங்கிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன விகிதப்படி பவுண்டு 110 ரூபாய். கடைக்காரர் ரிங்கிட்டை 19-க்கு வாங்குகிறார், பவுண்டை 113-க்கு விற்கிறார் என்று கொள்வோம். 1,000 ரிங்கிட் 19,000 ரூபாய் ஆகிறது. அதற்கு 168 பவுண்டு கிடைக்கும். போனது கிட்டத்தட்ட 14 பவுண்டு, ஏழரை சதவீதம். பழைய நகையைப் போட்டுப் புது நகை வாங்கும்போது இரண்டு பக்கமும் அடி விழுமே, அதே கதைதான். கடை வாசலில் ‘கமிஷன் கிடையாது’ என்று எழுதியிருந்தால் அது பொய்யல்ல. கமிஷன் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இந்த இடைவெளி எல்லா நாணயத்துக்கும் ஒன்றல்ல. டாலர், யூரோ தாள்களை வாங்க அடுத்த வாடிக்கையாளர் உடனே வருவார். ரிங்கிட் தாளோ பெட்டியில் நாள்கணக்கில் கிடக்கலாம். அதற்குள் விலை இறங்கினால் நஷ்டம் கடைக்காரருக்கு. சில நாடுகள் தங்கள் நாணயத்தின் விலையை டாலரோடு கட்டிவிடுவதும் உண்டு. 1998-இல் ஆசிய நெருக்கடியின்போது மலேசியா ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டது. 2005 ஜூலையில்தான் அவிழ்த்தது. அமீரக திர்ஹாம் இன்றும் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டது. அதனால் துபாயிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் டாலர்-ரூபாய் விலையைக் கவனித்தாலே போதும்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே அந்நிய நாணயமாக இருந்தால், இரண்டின் ரூபாய் மதிப்பில் எது குறைவோ அதில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய்க்கு 180 ரூபாய். வரியைப் பார்த்துப் பதறுகிறவர்கள் விலை இடைவெளியைக் கவனிக்காமல் விடுவதுதான் வேடிக்கை.

ஆகவே கடைக்குப் போகுமுன் செல்போனில் குறுக்கு விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ரேட் என்ன’ என்று கேட்காமல், ‘எல்லாம் போகக் கையில் எத்தனை பவுண்டு வரும்’ என்று கேளுங்கள். வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது ‘ரூபாயில் கட்டுகிறீர்களா’ என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டுங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடையில் மட்டும் மாற்றி, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில்லறைக் காசுகளைப் பணமாற்றுக் கடைகள் பொதுவாக வாங்குவதில்லை. அவற்றை அந்த நாட்டு விமான நிலையத்திலேயே செலவழித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.