காலையில் கல்லறை, மாலையில் காசினோ

திருமண வெள்ளிவிழாக் காணும் தம்பதியர் வேளாங்கண்ணிக்குச் சென்று அன்னைக்கு நன்றி கூறி வருவது நம் குடும்பங்களில் வழக்கம். வியாசர்பாடியில் நாம் அறிந்த ஒரு தம்பதியர் அதற்கு மாறாகக் கோவாவைத் தேர்ந்தனர். கணவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிபவர். மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். இருபத்தைந்து ஆண்டுகளில் இருவரும் பிள்ளைகளின்றித் தனியே வெளியூர் சென்றது இதுவே முதல் முறை. திரும்பி வந்து அவர்கள் நம்மிடம் கூறியதை, பெயரை மறைத்து எழுதலாம் என்ற அவர்களது இசைவோடு இங்கே எழுதுகின்றோம்.

அவர்களுடைய நாள் பழைய கோவாவில் விடிந்தது. 1594 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று 1605 ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பெற்ற போம் ஜேசு பசிலிக்காவில் திருப்பலி கண்டனர். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையருகே ஒரு தீவில் உயிர்நீத்த புனித சவேரியாரின் உடல், 1554 ஆம் ஆண்டு கோவா வந்து சேர்ந்தது. கோவா நகரத் தட்டார்கள் செய்த வெள்ளிப் பேழையில், உயர்ந்த பளிங்குப் பீடத்தின்மேல் அது இன்று வைக்கப்பட்டுள்ளது. எதிரே புனித கத்தரீனம்மாள் பேராலயம். அதன் இரு கோபுரங்களுள் ஒன்று 1776 ஆம் ஆண்டு இடிந்து வீழ, மற்றொன்று தனியே நிற்கிறது. பின்னர்ப் பனாஜி நகரின் அமலோற்பவ அன்னை ஆலயப் படிகளில் அமர்ந்து இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தனராம். “கல்யாணத்துக்கு முன்பு பேசியதுபோல” என்றார் மனைவி.

மாலையில் மாண்டோவி ஆற்றங்கரைக்கு வந்தனர். ஆற்றில் வண்ணவிளக்குகளுடன் பெருங்கப்பல்கள் நின்றிருந்தன. அவை எங்கும் செல்வதில்லை. நங்கூரமிட்ட சூதாட்டக் கூடங்கள் அவை. கரையிலிருந்து சிறு படகில் ஆட்களை ஏற்றிச் செல்வார்கள். ஒரே நுழைவுச்சீட்டில் விருந்து, ஆடல் பாடல், விளையாடச் சில சில்லுகளும் உண்டு என்று ஒருவர் ஆசை காட்ட, வேடிக்கை பார்க்கலாமே என்று இருவரும் ஏறினர்.

கொடுத்த சில்லுகளை வைத்து ஆடியதில் கணவருக்கு முதலில் இரண்டாயிரம் ரூபாய் கிடைத்தது. கேடு அங்கேதான் தொடங்கியது. நள்ளிரவுக்குள் அந்த இரண்டாயிரமும், அதன்மேல் பதினைந்தாயிரமும் போயின. அந்தப் பதினைந்தாயிரம் இளைய மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வங்கியில் இட்டு வைத்த பணம்.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. ரூலெட் சக்கரத்தில் பூச்சியம் முதல் 36 வரை 37 குழிகள். ஒருவர் எல்லா எண்களிலும் நூறு நூறாக வைத்தால் 3,700 ரூபாய் ஆகும். வென்ற எண்ணுக்கு 35 மடங்கும், வைத்த நூறும் சேர்த்து அவருக்குத் திரும்புவது 3,600. ஆக, சக்கரம் சுற்றுந்தோறும் நூறு ரூபாய் கடைக்காரனுக்கு. ஒருவர் ஓரிரவு வெல்லலாம். வருவோர் அனைவரையும் கூட்டிப் பார்த்தால் வெல்வது கூடம் ஒன்றே. கப்பல்களில் சூதாட்டத்திற்கு 1996 ஆம் ஆண்டு சட்டத்திருத்தத்தால் வழிவிட்ட கோவா அரசே, 2020 ஆம் ஆண்டு தன் மாநில மக்கள் அங்கு ஆடச் செல்வதற்குத் தடை விதித்தது. தன் பிள்ளைக்கு ஊட்டாததை அயலார் பிள்ளைக்கு விற்பதை என்னென்பது!

நம் மாநிலத்தில் 2003 ஆம் ஆண்டு லாட்டரிச் சீட்டு ஒழிக்கப்பட்டது. கைப்பேசி வழியே பணம் வைத்தாடுவதை 2025 ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தடுத்தது. ஆயினும் உழைக்காத காசின்மேல் உள்ள ஆசையைச் சட்டம் மட்டும் ஒழித்துவிடாது.

விளையாட்டே பாவம் என்று திருச்சபை சொல்லவில்லை. தனக்கும் பிறர்க்கும் இன்றியமையாத தேவைக்குரியதைப் பறிக்கும்போது சூது நெறிகெட்டதாகிறது என்பதே மறைக்கல்வி நூலின் போதனை. பங்குத் திருநாளில் பத்து ரூபாய்க் குலுக்கல் சீட்டு வாங்குவது வேறு; மகளின் கட்டணத்தைச் சக்கரத்தில் வைப்பது வேறு. அப்படி வைத்தவருக்கும் மீட்சி உண்டு. போர்வீரராயிருந்து சூதில் அனைத்தையும் இழந்த கமில்லுஸ், 1575 ஆம் ஆண்டு மனந்திரும்பி, நோயாளர்க்குத் தொண்டாற்றும் துறவற சபையை நிறுவிப் புனிதரானார்.

பணத்தைப் பற்றியே கணவர் நம்மிடம் புலம்பிக்கொண்டிருந்தார். மனைவி கூறியதோ வேறு: “பணம் போனால் போகட்டும், ஃபாதர். இருபத்தைந்து வருஷத்தில் எங்களுக்கென்று ஒரு நாள் கிடைத்தது. அதில் பாதி நாள் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.”

கணவர் தலைகுனிந்தார். கூடுதல் நேரம் உழைத்துக் கட்டணத்தைச் சேர்த்துவிடலாம், முதலில் அந்த அரை நாளைத் திருப்பிக் கொடுங்கள் என்றோம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இருவரும் பேருந்தேறி மயிலை சாந்தோமுக்குச் சென்றனர். மனைவிக்குக் கட்டணமில்லாப் பயணம். செலவு கணவரின் சீட்டு மட்டுமே. எந்தப் புனிதரைக் காணக் கோவா வரை சென்றார்களோ, அதே சவேரியார் 1545 ஆம் ஆண்டு சில மாதங்கள் தங்கி, புனித தோமையாரின் கல்லறையருகே செபித்த இடம் அது. அங்கே செபித்துவிட்டுக் கடற்கரையில் அமர்ந்து இருட்டும்வரை பேசினார்களாம்.

கல்லூரிக் கட்டணம் மூன்று மாதங்களில் சேர்ந்துவிட்டது. இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிறு இருவரும் எங்கேனும் சேர்ந்து செல்கின்றனர். இந்த இதழைப் படிக்கும் கணவர்மாரே, உங்கள் இல்லத்திலும் அப்படி ஒரு அரை நாள் கடன் நிலுவையில் உள்ளதா என்று இன்றிரவு குடும்ப செபமாலைக்குப் பின் கேட்டுப் பாருங்கள்.