அட்டையில் காலியாக இருக்கும் கட்டம்

புதன்கிழமை. துணை சுகாதார நிலையத்தில் ஓர் இளம் தாய் தடுப்பூசி அட்டையை நீட்டுகிறார். தட்டம்மை-ரூபெல்லா வரிசையில் ஒன்பதாம் மாதக் கட்டத்தில் தேதி இருக்கிறது. அடுத்த கட்டம் காலி. பையனுக்கு இரண்டேகால் வயது.

"அதான் ஒரு ஊசி போட்டாச்சே நர்சம்மா. அதுக்கே ஒரு வாரம் கழிச்சுக் காய்ச்சல் வந்து அனத்துனான்."

ஊசி போட்டு ஏழு முதல் பன்னிரண்டு நாளில் லேசான காய்ச்சலோ தடிப்போ வருவது வழக்கம்தான். அதற்குப் பயந்து இரண்டாவது ஊசியை விடுவதில்தான் ஆபத்து. பலரும் அதை 'பூஸ்டர்' என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது மறுவாய்ப்பு. ஒன்பது மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில குழந்தைகளின் ரத்தத்தில் இன்னும் மிச்சமிருக்கும். ஊசியிலுள்ள வலுவிழந்த வைரஸையும் அது அடக்கிவிடும். குழந்தையின் உடல் பாடம் கற்காது. அந்த வயதில் போட்டால் நூற்றுக்குச் சுமார் 85 பேருக்குத்தான் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. ஒரு வயதுக்கு மேல் போட்டால் 95 வரை போகும். பிறகு ஏன் காத்திருப்பதில்லை? கைக்குழந்தைக்கு அம்மை வந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான். விடுபட்டவர்களில் பெரும்பாலோரை 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாவது ஊசி பிடித்துவிடும். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று அட்டை சொல்லாது.

மணல்வாரி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்த அம்மையின் வைரஸ், நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் இருக்கும். நிமோனியா, வயிற்றுப்போக்கு, கண் பாதிப்பு எல்லாம் கூடவே வரலாம். வேறு நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்து வைத்த நினைவையும் அது அழித்துவிட்டுப் போகிறது. வேப்பிலை கட்டுங்கள், அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டு, கண்ணையும் உயிரையும் காப்பாற்றக்கூடியது.

ஊசி இலவசம். தவறவிட்டிருந்தால் ஐந்து வயது வரை கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். லேசான சளி, இருமல் இருந்தாலும் போடலாம். தனியார் மருத்துவமனையில் எம்.எம்.ஆர். போட்டிருந்தால் அதிலும் தட்டம்மை மருந்து உண்டு. அந்தச் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். புது சிரிஞ்சை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லலாம். கரைத்த மருந்து நான்கு மணி நேரம்தான் தாங்கும். குப்பியில் எழுதிய நேரத்தைப் பார்க்கக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். "அடுத்த வாரம் வா" என்று திருப்பி அனுப்பினால் எந்தத் தேதி என்று கேளுங்கள். அன்றும் போடாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லுங்கள், 104-க்கும் கூப்பிடலாம்.

நர்சம்மா குப்பியின் மேல் '10.40' என்று எழுதுகிறார். வலது கையில் ஊசி இறங்க, பையன் ஊரைக் கூட்டுகிறான். காலிக் கட்டத்தில் தேதி ஏறுகிறது.

"அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போம்மா."