சங்கின் புரியும் செப்புத்தகட்டு ஓவியமும்

பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்போர், ஏடெழுதுவோர் கையால் நேர்ந்த திரிபுகளை ஆராய்ந்த பின்னரே பாடத்தைத் துணிவர். பழைய இயற்கை நூல்களிலுள்ள சங்கு, கடல்நத்தை ஓவியங்களைச் சான்றாகக் கொள்வார்க்கும் அத்தகைய விழிப்பு வேண்டும் என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒல்லாந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் கடல்நத்தை ஓடு ஒன்றைச் செப்புத்தகட்டில் வரைந்து அச்சிட்டார். ‘கோனஸ் மார்மோரியஸ்’ எனப்படும் அக்கூம்பு வடிவ ஓட்டின் கரும்பரப்பும் வெண்புள்ளிகளும் நுணுக்கமாக அமைந்துள்ளன. ஆயினும், சுருள் இயல்புக்கு மாறாகச் சுழல்கின்றது. கண்டவாறே தகட்டில் வரைந்ததைத் தாளில் ஒற்றுங்கால் வலம் இடமாகும், அதுவே காரணம். அப்படத்திலுள்ள கையொப்பமோ நேராகவே உள்ளது. எனவே, ஓவியர் அச்சின் இயல்பை அறியாதவரல்லர். எழுத்தைத் தகட்டில் இடவலம் மாற்றிப் பொறித்தவர், ஓட்டினை அவ்வாறு மாற்றினாரல்லர்.

1681இல் உரோமையில் இயேசு சபைத் துறவி பிலிப்போ புவோனன்னி ஓடுகளுக்கென்றே வெளியிட்ட நூலின் படங்களிலும் இம்மாற்றம் காணப்படுகின்றது. ஓட்டின் வடிவும் வண்ணக் கோலமும் கருதப்பட்ட அளவிற்குச் சுருளின் திசை அன்று கருதப்படவில்லை என்பது இவற்றால் விளங்கும்.

தமிழரோ சங்கினை அத்திசை கொண்டே பெயரிட்டு வகுத்தனர். திருமாலின் கையிலுள்ள வலம்புரியை முல்லைப்பாட்டுக் குறிக்கின்றது. லின்னேயஸ் 1767இல் பெயரிட்ட நம் கடற்சங்கினத்தில் பெரும்பாலன இடம்புரியே. வலம்புரி மிக அரிது. இடவலம் மாறிய அச்சிலோ எந்த இடம்புரியும் வலம்புரியாகத் தோன்றும். அதனைச் சான்றாகக் கொள்வோர், இல்லாத அரும்பொருளை உண்டெனத் துணிய நேரும்.

பெயரீட்டிலும் ஒரு முரண் உண்டு. விலங்கியலார் ஓட்டின் சுருள்முனையை மேலாக வைத்து, வாய் தம்மை நோக்கக் காண்பர். வாய் வலப்புறம் அமையின் வலச்சுருள் என்பர். நம் மரபில் சுருள்முனை கீழாக நிற்கும். ஆகவே அதே ஓட்டின் வாய் இடப்புறம் அமையும். இதனால் நம் வலம்புரி அவர்க்கு இடச்சுருளாயிற்று. சென்னை மாகாண மீன்வளத் துறையைச் சார்ந்த ஜேம்ஸ் ஹார்னல், சங்கு பற்றி 1914இல் வெளியிட்ட நூலில் வலம்புரியை இடச்சுருள் ஓடாகவே கொண்டார். எனவே, ‘வலம்’ என்னும் சொல்லை மட்டும் நோக்கி, வலம்புரியை விலங்கியலாரின் வலச்சுருளென மொழிபெயர்ப்பது பொருளை நேர்மாறாக்கும்.

ஆதலின், படத்தை ஆராய்வோர் அதிலுள்ள எழுத்து நேராக இருத்தல் கண்டு அமைந்துவிடலாகாது. அதே நூலில், இயல்பான சுருள் எதுவென நன்கறியப்பட்ட பிற ஓடுகள் எவ்வாறு சுழல்கின்றன என்பதை ஒப்பிடல் வேண்டும். அவையும் மாறியிருப்பின், மாற்றம் சங்கினதன்று, அச்சினது என்க.