தகரப் பெட்டியில் உறங்கும் அயல்நாட்டுக் காசுகள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து இல்லங்களில், ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி வரையிலும், பழைய பிஸ்கோத்துத் தகரப் பெட்டி ஒன்றைக் காண்பது அரிதன்று. அதனுள் பொத்தான், சாவி, அறுந்த செபமாலை மணிகள் இவற்றோடு கலந்து சில அயல்நாட்டுக் காசுகளும் கிடக்கும். கொழும்புக்கோ மலேயாவுக்கோ பிழைக்கச் சென்ற பாட்டனார் கொணர்ந்தவை சில. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகன் கொணர்ந்தவை சில. தோல் வாணிபத்தின் பொருட்டு ஐரோப்பா சென்று வந்தோர் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தவையும் உண்டு. வேலூர் மருத்துவமனையை நாடி நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வருவோர் கையிலிருந்து கடைவீதிக்கு வந்தவையும் இருக்கலாம். ஆலயக் காணிக்கைப் பெட்டியில் விழுந்தவற்றைப் பற்றிப் பங்குத் தந்தையரே நன்கறிவர்!

இவற்றைச் செல்லாக் காசுகள் எனத் தள்ளிவிடுகிறோம். அல்லது பளபளப்பாக்க எண்ணிப் புளியிட்டுத் தேய்க்கிறோம். பின்னது முன்னதினும் கேடு. புளியும் சாம்பலும் அழுக்கோடு எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பல ஆண்டுகளில் செம்பின்மேல் படிந்த கரும்பச்சை நிறம் அக்காசுக்கு ஒரு காப்பு என்பதை இல்லத்தரசியர் நினைவிற் கொள்ளல் நலம். மண் ஒட்டியிருந்தால் தூய நீரில் ஊறவைத்துப் பஞ்சினால் மெல்ல ஒற்றினாலே போதும். மங்கிய எழுத்தைப் படிக்க வேறு வழியுண்டு. காசின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து தாளில் எழும்பி வரும். இப்பணியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். நம்மினும் பொறுமையாகச் செய்வார்கள்.

இனிப் பிரிக்கும் முறை. தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் தரம் பிரிப்போர் முதலில் கையால் தடவிப் பார்ப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நாமும் அவ்வாறே தொடங்குவோம். காந்தத்தில் ஒட்டும் எஃகு, நிக்கல் காசுகள் ஒருபுறம். செம்பு, வெள்ளி மறுபுறம். அதன்பின் எழுத்தைக் கொண்டு பிரிக்கவேண்டும். நாட்டின் பெயரைத் தேடும் ஆவலை அதுவரை சற்றே அடக்கிக்கொள்வோம். ஏனெனில் நாடுகள் பல தம் காசில் தம்மை நாமறிந்த பெயரால் அழைத்துக்கொள்வதில்லை. ‘ஹெல்வேத்தியா’ என்றிருந்தால் அது சுவிட்சர்லாந்து, ‘சுவோமி’ பின்லாந்து, யாழ் உருவமும் ‘ஏரே’ என்ற சொல்லும் அயர்லாந்து. இலங்கைச் செப்புச் சதத்தில் பனைமரத்தின் அருகே நம் தமிழெழுத்தே நிற்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையோடு 1919 முதல் 1926 வரை அடிக்கப்பட்ட சதுரச் செப்புக் காசு கிட்டினால், அது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பகுதிகளில் வழங்கியது என அறியலாம்.

இலத்தீன் பூசையைக் கேட்டு வளர்ந்த பெரியோர்க்கு இங்கே ஒரு வாய்ப்பு. ஆங்கிலேயக் காசுகளில் மன்னர் பெயரையடுத்து வரும் ‘எப் டி’ என்ற இரண்டெழுத்து, ‘விசுவாசத்தின் பாதுகாவலர்’ என்னும் இலத்தீன் பட்டத்தின் சுருக்கம். 1521-இல் பாப்பரசர் பத்தாம் லியோ எட்டாம் ஹென்றி மன்னருக்கு வழங்கிய பட்டம் அது. மன்னர் திருச்சபையை விட்டு விலகிய பின்னும் பட்டத்தை விடவில்லை. இன்றும் அது பிரித்தானியக் காசில் உள்ளது. ‘இந்தியப் பேரரசர்’ என்ற சுருக்கமோ நம் விடுதலைக்குப் பின் 1949-ஆம் ஆண்டுக் காசுகளிலிருந்து மறைந்தது. ஆகவே ஆண்டெண் தேய்ந்து போனாலும் இச்சொல் இருக்கிறதா என்று பார்த்தே பாதி விடை காணலாம்.

ஆண்டைப் படிப்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். சவூதிக் காசில் 1397 என்றும், தாய்லாந்துக் காசில் 2520 என்றும், நேபாளக் காசில் 2034 என்றும் இருந்தால் மூன்றும் ஏறத்தாழ ஒரே ஆண்டு என்றால் நம்புவீர்களா? தாய்லாந்து ஆண்டில் 543-ஐயும், நேபாள விக்கிரம ஆண்டில் 57-ஐயும் கழித்தால் 1977 வரும். இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பற்றியதாகையால் நம் ஆண்டினும் சுமார் 11 நாள் குறைவு. எனவே அதனை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டவேண்டும். அரபு இலக்கங்களில் புள்ளியே சுழியம்; வட்டமாயிருப்பது ஐந்து. ஆங்கில ‘வி’ போல் நிற்பது ஏழு, அதுவே கவிழ்ந்தால் எட்டு.

ஆயினும், பொறித்த ஆண்டு எப்போதும் உண்மை பேசுவதில்லை. ஆஸ்திரியப் பேரரசி மரிய தெரேசாவின் பெரிய வெள்ளிக் காசு அரபு நாட்டிலும் எத்தியோப்பியாவிலும் பெருமதிப்புப் பெற்றிருந்தது. அவர் 1780-இல் மறைந்தார். அதன்பின் அடித்த காசுகளிலும் அதே 1780-தான்! இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நம் பம்பாய் நாணயச்சாலையிலும் இதை அடித்திருக்கிறார்கள். நம் அண்டையிலுள்ள ஆர்க்காட்டின் பெயரால் வழங்கிய ரூபாயும் இப்படித்தான். 1759-இல் இறந்த முகலாயர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரைத் தாங்கி, கிழக்கிந்தியக் கம்பெனி அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடித்து வந்தது.

பெட்டியில் மிகப் பழைய செப்புக் காசு இருந்தால் நம் கடற்கரையை எண்ணிப் பார்க்கவேண்டும். முடியின்கீழ் மன்னர் பெயரின் முதலெழுத்தைப் பின்னிய காசு, 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை ஆண்ட டேனியருடையதாகலாம். ‘வி’ எழுத்தின் இரு கால்களில் ‘ஓ’வும் ‘சி’யும் கோத்திருந்தால் டச்சுக் கம்பெனி. ஒருபுறம் லில்லி மலரும் மறுபுறம் தமிழில் புதுச்சேரி என்ற பெயரும் கண்டால் பிரெஞ்சுக்காரர்.

இவற்றுக்கும் முந்திய உரோமைக் காசுகள் கரூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் அகுஸ்துஸ், திபேரியு ஆகியோரின் வெள்ளித் தெனாரியங்களே மிகுதி. “இவ்வுருவம் யாருடையது?” என இயேசு கேட்ட வரிக்காசு, திபேரியுவின் இத்தெனாரியமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் பின்புறத்தில் ‘பொந்திப் மாக்சிம்’ என்றிருக்கும். உரோமைப் பேரரசர் சூடிய தலைமைக் குருப் பட்டம் அது. வத்திக்கான் காசில் பாப்பரசர் பெயரோடு வருவதும் அதே பட்டந்தான்; எனவே இச்சொல்லை மட்டும் கண்டு திபேரியு கிடைத்துவிட்டார் எனத் துள்ளவேண்டாம்!

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1898-இல் 501 உரோமைப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. அவற்றுள் கடைசியானவை கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியனுடையவை. ஆகவே அதற்கு முன் அவை புதைக்கப்பட்டிருக்க முடியாது என்பது உறுதி. சேர்ந்து கிடந்ததாலேயே இது தெரிந்தது. ஆளுக்கொன்றாகப் பங்கிட்டிருந்தால் யாரால் சொல்ல முடியும்? கரூர் ஆற்று மணலில் கிடைத்த, விரல்நுனி அளவேயான உரோமைச் செப்புக் காசுகளையும் யாரும் பொருட்படுத்தாதிருந்தனர். தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடிச் சேர்த்து, பொறுமையாய்ப் படித்து, 1994-இல் நூலாக்கினார். பழங்காசுகளிடையே ‘பெருவழுதி’ எனத் தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை 1980-களில் இனங்கண்டவரும் அவரே.

ஆகையால் ஒவ்வொரு காசையும் தனித்தனித் தாளுறையிலிட்டு, யார், எங்கிருந்து, எப்போது கொணர்ந்தார் என்று எழுதி வைப்போம். பாட்டியார் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும். வயலிலோ வீட்டு அடித்தளத்திலோ தோண்டும்போது கிடைத்த புதையலானால் அது வேறு செய்தி: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு விற்று அனுப்புவதையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எடைக்கு வாங்குவோரிடம் கொடுக்குமுன் காசை அறிந்தவரிடம் காட்டுவது நம் கடன். அமிர்தியிலிருந்து வேலூர் சுமார் 25 கிலோமீட்டர்தான். கோட்டைக்குள்ளே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. போகும்போது காசோடு அந்தத் தாளுறையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.