சொல்லும் ஊரும் – 12: ஃபங்ஷன்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை வண்டிக்காக நிற்கும்போது, “ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ணுக்கு ஃபங்ஷன், அவசியம் வந்துடுங்க மாமா” என்று யாராவது சொல்வது காதில் விழும். என்ன ஃபங்ஷன் என்று மாமா கேட்க மாட்டார். கல்யாணம் என்றால் கல்யாணம் என்றே சொல்லியிருப்பார்கள், காதுகுத்தும் அப்படித்தான். பெண் பிள்ளைக்கு வெறும் ஃபங்ஷன் என்றால் பெரும்பாலும் அது மஞ்சள் நீராட்டு. வயதுக்கு வந்ததை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஆங்கிலச் சொல் கைகொடுக்கிறது. சொல்லுக்கே இவ்வளவு கூச்சப்பட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் படத்தை ஆளுயர ஃபிளெக்ஸில் போட்டு முச்சந்தியில் கட்டுகிறார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? இதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபங்ஷனின் லத்தீன் வேருக்குத் தன் கடமையைச் செய்து முடிப்பது என்று பொருள். இதயத்தின் வேலை, அதிகாரியின் பொறுப்பு, சடங்கு எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. விழா என்ற பொருளை நாம்தான் ஏற்றிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கக் கோயில் சடங்குகளை ஆங்கிலேயர் இப்படிக் குறித்திருக்கிறார்கள். சொந்தத்துக்குள் சீர் வைப்பதையும் மொய் எழுதுவதையும் நாம் ‘செய்முறை’ என்கிறோமே, அந்தச் சொல் இந்த வேருக்கு மிக அருகில் இருக்கிறது.

கணக்கில் இச்சொல்லை 1673இல் லைப்னிட்ஸ் எடுத்தாண்டார். 1734இல் ஆய்லர் அதற்கு எழுத்துக் குறியீடு கொடுத்தார். நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. அந்தச் சார்பும், பிளஸ் டூ கணினி அறிவியலில் வரும் செயற்கூறும், வீட்டில் நடக்கும் ஃபங்ஷனும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் என்பதைக் கல்வராயன் மலையில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும். சொன்னால் பாடத்தின் மீதுள்ள பயம் பாதி போய்விடும்.

மீதிப் பயத்தைப் போக்க மொய் நோட்டு போதும். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தொகை. ஒரு பெயருக்கு ஒரே ஒரு தொகை, அதுதான் சார்பு. கச்சிராயபாளையத்து முருகனும் வெள்ளிமலை முருகனும் ஒரே நாளில் வந்தால் குழப்பம் வரும் என்பதால்தான் நோட்டு எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, “எந்த ஊருங்க?” என்று கேட்கிறார். ஊர்ப் பெயரைச் சேர்த்ததும் இரண்டும் தனித்தனி உறுப்பாகிவிடுகின்றன. பத்துப் பேர் ஐநூறு எழுதியிருந்தாலும் சார்புக்குக் குறையில்லை. ஆனால் ஐநூறு என்ற தொகையைக் காட்டி, எழுதியவர் யார் என்று கேட்டால் பத்துப் பெயர் வரும். அந்தத் திசையில் அது சார்பு ஆகாது.