பனிநாட்டு நாய் நம் வீட்டுக்கு ஏற்றதா?

"அம்மா, நீலக் கண்ணு நாய் ஒண்ணு வாங்கலாம்மா!" என்று பிள்ளைகள் அடம் பிடிக்கிற காலம் இது. அவர்கள் கேட்பது சைபீரியன் ஹஸ்கியை. பார்க்க அழகு, பழக இனிமை, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால், காஞ்சிபுரம் மாதிரி வெய்யில் ஊரில் இருக்கும் நாம், பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பிறந்த வீடு

சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்கள், பனியில் சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனம் இது. 1925 ஜனவரியில் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைத் தாக்கியது. மருந்தைக் கொண்டுபோனவை இந்த நாய் வண்டிகள்தான். 20 வண்டிக்காரர்களும் சுமார் 150 நாய்களும் மாறி மாறி ஓடி, ஏறக்குறைய 1,085 கிலோமீட்டரை ஐந்தரை நாளில் கடந்தார்கள். அதில் பெயர் பெற்ற டோகோவும் பால்டோவும் ஹஸ்கிகளே. (அந்த நோய்க்கான தடுப்பு மருந்தும் சேர்ந்த ஊசியைத்தான் நம் குழந்தைகளுக்கு 6, 10, 14-ஆம் வாரங்களில் போடுகிறோம். தவற விடாதீர்கள்!)

உடம்பு வாகு

ஹஸ்கிக்கு இரட்டை ரோமப் போர்வை. நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. முக்கியமாக நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அக்னி நட்சத்திரப் புழுக்கத்தில் அது போதாது. 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் ஹஸ்கியும் இடம்பெற்றிருந்தது.

இன்னும் சில சங்கதிகள்: இது யாரோடும் சிநேகமாகிவிடும், வீட்டுக் காவலுக்கு லாயக்கில்லை. குரைப்பதைவிட ஊளையிடுவது அதிகம். கோழி, பூனையைக் கண்டால் துரத்தும். உள்ரோமம் கொத்துக் கொத்தாக உதிரும். தறி போட்ட வீடானால் பட்டு நூலில் ஒட்டி உயிரை வாங்கும்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா?

* காலை ஆறரைக்கு முன்பும், தரை நன்றாக ஆறிய பிறகு இரவிலும் மட்டும் நடத்திச் செல்லுங்கள். உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். சுட்டால் அதற்கும் சுடும்.
* மொட்டை மாடியில் கட்டாதீர்கள். மத்தியானம் மின்விசிறியோ ஏ.ஸி.யோ உள்ள அறை அவசியம்.
* 'பாவம், சூடாக இருக்குமே' என்று ரோமத்தை மழிக்கக் கூடாது. அது வெய்யிலையும் தடுக்கிறது. தினம் சீவிவிட்டால் போதும்.
* சாக்லேட், திராட்சை, வெங்காயம் சேர்ந்த எதுவும் கொடுக்காதீர்கள்.
* வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். எவ்வளவு சாதுவானாலும் கைக்குழந்தையோடு தனியே விடாதீர்கள்.

விடாத மூச்சிரைப்பு, கொழகொழவென்று எச்சில், தள்ளாட்டம், வாந்தி - இவை வெப்பத் தாக்கின் அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படச் செய்யுங்கள். ஈரத் துணியால் போர்த்தி மூட வேண்டாம். வாயில் தண்ணீரைப் புகட்டவும் வேண்டாம். குளிரவைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னும் வாங்கவில்லையா?

தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்த்துப் பாருங்கள். நம் வெய்யில் அதற்குப் பழக்கம். ஓட இடமிருந்தால் சிப்பிப்பாறை இருக்கிறது; 2005-ல் தபால்தலையில் இடம்பெற்ற ராஜபாளையமும் இருக்கிறது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள், அவர் வேலைக்குப் போய்விடுவார். சித்திரை மத்தியானத்தில் அந்த வாயில்லா ஜீவனின் மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டிருக்கப் போவது நாம்தானே? அதனால், வேணுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.