கட்டத்துக்குள் ஆயா

நம் ஊரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போனால் மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சென்ற ஆண்டு என் ஆயாவை அங்கே அழைத்துச் சென்று, கடற்கரைக் கோயிலின் முன்னே நிறுத்திக் கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். கோயில் முழுவதும் விழ வேண்டுமே என்று பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தேன். இவ்வாண்டு தை மாதம் ஆயா காலமானார். மாலை போட்டு வைக்கத் தேடியபோது அந்த ஒரு படந்தான் கிடைத்தது. முகம் சுண்டுவிரல் நகமளவு. உச்சந்தலையிலிருந்து விமானம் முளைத்தாற்போல் நிற்கிறது. காலை வெயில் கடற்பக்கமிருந்து அடித்ததால் முகமெல்லாம் இருட்டு. ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அதன் பிறகே படத்தின் அமைப்பைப் பற்றிக் கற்கத் தொடங்கினேன். கைபேசித் திரையில் நெடுக்கே இரண்டும் குறுக்கே இரண்டுமாகக் கோடுகள் வரவழைக்கலாம். முக்கியமான பொருளை நட்டநடுவில் வைக்காமல், அக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமொன்றில் வைக்கச் சொல்கிறார்கள். இந்த மூன்றிலொரு பங்கு விதியை ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் 1797-லேயே எழுதி வைத்தார். புகைப்படம் அப்போது பிறக்கவே இல்லை! தொடுவானமும் அப்படித்தான்: கடல் வேண்டுமானால் மேல்கோட்டில், வானம் வேண்டுமானால் கீழ்கோட்டில். எப்படியும் ஒருவர் கழுத்தை அறுத்துக்கொண்டு போகக் கூடாது.

ஆனால் எனக்கு உண்மையில் பாடம் சொன்னவன் பல்லவச் சிற்பிதான். கலங்கரை விளக்கக் குன்றிலுள்ள மகிஷாசுரமர்த்தினி குகைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு சுவரில் சிங்கத்தின்மேல் பாய்ந்து வரும் துர்க்கை. எதிரே எருமைத்தலை அசுரன். உருவத்தில் அவன்தான் பெரியவன். ஆயினும் உடல் பின்புறம் சாய்ந்திருப்பதால், தோற்பவன் அவனே என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. எதிர்ச்சுவரில் திருமால் பள்ளிகொண்டிருக்கிறார். அங்கே நீண்டு கிடக்கும் கோடுதான், ஒரே அமைதி. சாய்கோடு வேகம் தரும், கிடைக்கோடு அமைதி தரும் என்று நான் படித்ததை, ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன்பே எதிரெதிர்ச் சுவர்களில் செதுக்கி வைத்திருக்கிறான்.

போன ஞாயிறு அம்மாவை அழைத்துப் போனேன். மாலை 4 மணி. வெயில் என் முதுகுப்பக்கம். கண் கூசாதபடி அம்மாவைச் சற்றே திரும்பி நிற்கச் சொல்லி, அருகில் போய், வலக்கோட்டில் முகத்தை வைத்தேன். இரண்டடி நகர்ந்ததும் விமானம் தலையை விட்டு விலகி இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டது.

படத்தை வாங்கிப் பார்த்த அம்மா, "கோயில் முழுசா விழலையேடா" என்றார்.